கல்லறையில் இல்லாத அமிர்தசாமி

2025 ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. செராக்ஸ் எடுக்க வந்த ஒவ்வொருவரும், நான் என்னவோ மின்வாரியத்தை முந்தானையில் முடிந்துவைத்திருப்பது போல என்னைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் ஊரிலிருந்து கல்லறைக் கமிட்டிச் செயலாளர் சின்னப்பன் வந்தார். கல்லறையில் இடம் தீர்ந்துவிட்டதாம். இனிமேல் குடும்பக் குழி இருப்பவர்கள் அதையே திறந்து புதைத்துக்கொள்ள வேண்டும். இறந்த வருஷம் இல்லாத சிலுவைகளைக் கல்லறைத் திருநாளுக்குள் பிடுங்கிவிட்டு, அந்த இடங்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் குடும்பக் குழியின் சிலுவையில் இனிஷியலோடு 'அமிர்தசாமி' என்ற பேர் மட்டும்தான். வருஷம் இல்லை.

அது அம்மா கல்லறையை ஒட்டினாற்போல இருக்கிறது. தன்னை அங்கேதான் வைக்க வேண்டும் என்று அம்மாவை அடக்கம் செய்த அன்றே நைனா சொல்லிவிட்டார். அவருக்கு எண்பத்திரண்டு. டயாலிசிஸ் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். ரெண்டிலும் பிடிவாதம்தான்.

ஜூன் 17

நைனாவிடம் கேட்டேன், உங்கள் தாத்தா அமிர்தசாமி எந்த வருஷம் செத்தார் என்று. "கப்பல்ல போனாரு, வந்தாரு, செத்தாரு" என்றார். ஆறடி ஆள் என்று தானாகவே சேர்த்துக்கொண்டார். நம் குடும்பத்தில் எல்லோரும் உயரம், அவரிடமிருந்து வந்ததாம்.

வருஷம் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

ஜூன் 22, ஞாயிறு

அமிர்தசாமியைப் போல அந்தக் காலத்தில் தென்னாப்பிரிக்காவுக்குக் கரும்பு வெட்டப் போனவர்களின் கப்பல்களின் பயணிகள் பட்டியலை இன்டர்நெட்டில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். பேர், அப்பா பேர், வயசு, ஊர், தழும்பு முதற்கொண்டு. செஞ்சியில் பாதிப் பேருக்கு வில்லங்கச் சான்றிதழ் தேடி எடுத்துக் கொடுக்கிறவள் நான். சொந்தக் கொள்ளுத்தாத்தாவைத் தேட முடியாதா?

ஜூலை 3

முடியவில்லை. அமிர்தசாமிக்கா பஞ்சம். அப்பன் பேர் சரியாக இருந்தால் ஊர் தப்பு, ஊர் சரியாக இருந்தால் அது பொம்பளை.

ஜூலை 19

கிடைத்துவிட்டார்.

1902. தென்னாற்காடு ஜில்லா, செஞ்சி, எங்கள் ஊர். கிறிஸ்தவர். அப்பா பேர் சிலுவையில் அடித்திருக்கும் இனிஷியலோடு ஒத்துப்போகிறது. வயசு இருபத்து நாலு. இடது முழங்காலில் தழும்பு. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம்.

சென்னையில் இருக்கும் தம்பி வின்சென்டுக்குப் போன் போட்டேன். வெள்ளைக்காரன் தப்பாக அளந்திருப்பான் என்றான். ஒரு அடியா தப்பு பண்ணுவான்? லேசாகக் குனிந்து நின்றிருப்பார் என்றான்.

பட்டியலின் கடைசிக் கட்டத்தை அவனிடம் சொல்லவில்லை. அதில் ஒரே வரி. 1926இல் அங்கேயே இறந்தார், ஊர் திரும்பவில்லை.

அப்போ நம்ம குழியில இருக்கிறது யாரு? வருஷா வருஷம் யாருக்கு மெழுகுவத்தி ஏத்துறோம்? — இத சின்னப்பன்கிட்ட சொன்னா அன்னிக்கே சிலுவையப் பிடுங்கிடுவாரு. நைனாவ எங்க வைப்பேன்?

ஜூலை 20, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது சின்னப்பன் சிரித்தார். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நடையைக் கட்டினேன்.

ஜூலை 24

இன்று நைனாவிடம் சொல்லிவிட்டேன். மனுஷன் டிவியையே நிறுத்திவிட்டார். அம்மா சாவுக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்.

குழி காலி என்பது அவருக்கு எப்போதோ தெரியும். அமிர்தசாமி போய் எட்டு வருஷம் ஒரு கடுதாசி இல்லை. அவர் பெண்டாட்டி ராயம்மாளுக்கு அப்போது இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. புருஷன் செத்தது நிச்சயமாகாமல் மறு கலியாணம் மந்திரித்து நடத்திவைக்க மாட்டேன் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். கப்பலில் போய் வராதவர்களுக்கு ஊரில் ஒரு வழக்கம் இருந்ததாம். விட்டுப்போன வேட்டியையும் ஜெபமாலையையும் புதைத்து, மணி அடித்து, பூசை வைத்து, சிலுவை நட்டுவிடுவது. ராயம்மாளும் அப்படியே செய்தாள். அடுத்த வருஷம் கலியாணம். அந்த ரெண்டாவது புருஷன்தான் ஆறடி.

ஆக, ஒரு மாசமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு நான் தேடியது எங்கள் கொள்ளுத்தாத்தாவே இல்லை.

செத்த வருஷம் மட்டும் நைனாவுக்குப் புதுசு. 1926 என்றதும் விரலை மடக்கினார். அவருடைய அப்பா பிறந்தது 1912. அமிர்தசாமி உயிரோடு இருக்கும்போதே நடந்த கலியாணம் அது. கோவில் கணக்குப்படி பார்த்தால் எங்கள் வம்சம் மொத்தமும் செல்லாது.

ரிமோட்டை எடுத்தார், டிவியைப் போடாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"ராயம்மா தப்பு ஒண்ணும் பண்ணலம்மா" என்றார். "எட்டு வருஷம் பாத்துக்கினு இருந்திருக்குது. இன்னா பண்ணும் பாவம்."

பிறகு, "உள்ள ஒரு வேட்டிதான கெடக்குது. எனக்கு எடம் தாராளமா இருக்கும்" என்றார். டிவியைப் போட்டுக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி எழுந்து வந்தேன். அடுப்பில் பாலே இல்லை.

ஜூலை 28

கமிட்டியின் படிவத்தில் ரெண்டே கேள்வி. பேர், இறந்த வருஷம். எங்கே இறந்தார் என்று கேட்கவில்லை. கேட்காததை எழுதும் வழக்கம் என் கடையில் கிடையாது. 1926 என்று எழுதிக் கொடுத்தேன். சின்னப்பன் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அக்டோபர் 11

நைனா போய்விட்டார்.

அக்டோபர் 13

நேற்று அடக்கம். காலையிலேயே குழியைப் பார்க்கப் போனேன். வெட்டிக்கொண்டிருந்த பச்சைமுத்து, சின்னப்பன் எதிரிலேயே, "இன்னாண்ணே, எலும்பு ஒண்ணுகூட இல்ல" என்றார். பெட்டி வீட்டில் ரெடியாக இருக்கிறது, வின்சென்ட் வண்டிக்குச் சொல்லிவிட்டான்.

"நூறு வருஷம் ஆவுது. மக்கிப் போயிருக்கும், நீ வெட்டு" என்றார் சின்னப்பன். என் பக்கம் திரும்பவே இல்லை.

இன்னும் கொஞ்சம் வெட்டியதும் ஒரு சின்னப் பித்தளைச் சிலுவை வந்தது, ஜெபமாலையில் தொங்குவது. சின்னப்பன் அதைத் துண்டில் துடைத்து என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நைனாவின் விரல்களுக்கு நடுவில் வைத்தேன். ராயம்மாள் போட்டது, அவள் பேரனிடமே இருக்கட்டும்.

அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டார். நினைத்ததைச் சாதித்துவிட்டார்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

அம்மாவுக்கு ஒன்று, நைனாவுக்கு ஒன்று, அமிர்தசாமிக்கு ஒன்று ஏற்றினேன். அவர் எங்களுக்குச் சொந்தமும் இல்லை, இங்கே இருக்கவும் இல்லை. இருந்தாலும் நூறு வருஷத்துக்கு மேல் எங்களுக்காக இடம் பிடித்து வைத்திருந்தவர். காற்றில் அவருடையதுதான் அடிக்கடி அணைந்தது. மூன்று தடவை ஏற்றினேன்.

நைனா இல்லாமல் வந்த முதல் திருநாள். பூ வாங்கியதற்குக் கணக்குக் கேட்க ஆள் இல்லை.

சின்னப்பன் தன் வீட்டுக் கல்லறையில் ஏற்றிவிட்டு மெதுவாக என் பக்கம் வந்தார். அவர்களுடைய சிலுவையில் இறந்த வருஷம்கூடப் பளிச்சென்று இருக்கும்.

"அது நாங்களா போட்ட வருஷம்மா" என்றார். "எங்க குழியிலயும் ஆள் இல்ல. கப்பல்ல போனவருதான். நெசமா எந்த வருஷம்னு பாத்துச் சொல்றியா?"

பேரைக் கேட்டுக்கொண்டேன். நாளைக்குக் கடைக்கு வாங்க, கரண்ட் இருந்தால் பார்க்கலாம் என்றேன்.