புதைத்த காலின் பெருவிரல்

தம்பிக்கு,

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இன்று காலை என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்த மனுஷன், வண்டி கிளம்புவதற்குள் பால்கோவா பொட்டலத்தைப் பிரித்துவிட்டான். ராஜபாளையம் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. சுண்டக் காய்ந்த பாலின் வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. அன்பாக வந்தது என்று எண்ணிக்கொள்ளாதே. பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டேன்.

நாக்கைக் கட்டத் தெரியாதவன் நீ. பட்டாளத்தில் அத்தனை வருஷம் விடியுமுன் எழுந்து ஓடியவனுக்கு, சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும் ஒரு கடையைத் தாண்டி நடக்கத் தெரியவில்லை. அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று உன் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு வருவாய். கடைத்தெருவில் வேலையை முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டுதான் என் வீட்டுப் படி ஏறுவாய். "சும்மா நாக்குல வச்சுப் பாத்தேன்க்கா" என்பாய். மீசையில் ஒட்டியிருக்கும்.

அந்தச் சமயத்திலேயே உனக்குப் பாதத்தில் உணர்ச்சி செத்துவிட்டது. ஒரு நாள் பைக் சைலன்சரில் இடது காலைச் சாய்த்துக்கொண்டு யாரிடமோ கதையளந்திருக்கிறாய். தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் குனிந்தே பார்த்தாயாம். "வலிக்கவே இல்லக்கா, பட்டாளத்து உடம்புல்லா" என்று பெருமை வேறு. நரம்பு பட்டுப்போனதை வீரம் என்று கொண்டாட நம் குடும்பத்தில்தான் ஆள் கிடைக்கும். அந்தப் புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வெட்டிய காலை ஆஸ்பத்திரியோடு விட்டுவிட்டு வர நம் ஆட்களுக்கு மனசு வருமா? கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் பண்ணியாக வேண்டும். உயிர்த்தெழும் நாளில் நீ காலைத் தேடி அலையக் கூடாதாம். எல்லாவற்றிலும் முந்திக்கொண்டு நிற்கும் உன் மச்சினன்தான் அந்தப் பொறுப்பையும் ஏற்றான். காலைப் பெட்ஷீட்டில் சுற்றி, மழை வருகிறதென்று அவசரமாக ஒரு குழியில் போட்டு மூடிவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகுதான் வலி ஆரம்பித்தது. கால் இருந்தபோது சுட்டாலும் தெரியாதவனுக்கு, கால் போன பிறகு அதன் பெருவிரல் வலித்தது. "வெரலு உள்பக்கமா மடங்கிக் கெடக்குக்கா. யாரோ புடிச்சு முறுக்குற மாதிரி இருக்கு. நிமித்த முடியல" என்று போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் காட்டி அழுதாய். நீ அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "இல்லாத கால் எப்படிய்யா வலிக்கும்?" என்று சிரித்த டாக்டரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எல்லாம் மனசுதான் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். பார்க்க வந்த சனம் அதற்கு மேல். சர்க்கரையில் காலை இழந்தவனைப் பார்க்கப் பால்கோவா வாங்கி வந்தார்கள். அதைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, பாவம், புத்தி கலங்கிவிட்டது என்று உன் காதுபடவே பேசினார்கள்.

உன் மச்சினனுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "அத்தான், புதைக்கையில வெரலு மடங்கியிருக்கும். தோண்டி நிமித்தி வச்சா எல்லாஞ் சரியாப் போகும்" என்றான். நீயும் தலையை ஆட்டினாய். பெண்பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக் கொடுத்தே கிழவியான என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாய்! ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவன் மண்வெட்டியோடு கிளம்பினான். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "நிமித்தியாச்சு அத்தான்." உடனே உன் முகம் தளர்ந்தது. "ஆமாக்கா, விட்டுருச்சு" என்று சொல்லிவிட்டு, பச்சைப் பிள்ளை மாதிரித் தூங்கிப்போனாய்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. அந்த வாரம் முழுக்க உன் மச்சினன் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, பெரிய டாக்டருக்குப் படித்தவன் தோற்றான். அடுத்த வாரம் வலி திரும்பி வந்தது. அவன் மறுபடியும் மண்வெட்டியைத் தேடினான்.

அன்றைக்குத்தான் உன் கட்டிலில் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. காலை எடுத்தவர்கள் அந்த இடத்தை எடுக்கவில்லை. காலிலிருந்து சேதி வருவது நின்ற பிறகும் அது கால் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. விரலை நிமிர்த்து என்கிறது. நிமிர்ந்தது என்று பதில் வருவதில்லை. மச்சினன் போனில் நிமித்தியாச்சு என்றதும், அதையே அந்தப் பதிலென்று நம்பிக்கொண்டது. இவ்வளவுதான் விஷயம் என்றேன்.

நீ முழங்கையை ஊன்றி என் பக்கம் திரும்பினாய். பிறகு கேட்டாய்: "கால் மண்ணுக்குள்ள கெடக்கு. அதோட படம் மூளையில இருக்கு. சரிக்கா. அப்போ வலிக்குறது யாருக்கு?"

"உனக்குத்தாம்லே."

"அந்த நான் எங்க இருக்கேன்?"

"தின்னு தின்னே காலத் தொலைச்சவனுக்குக் கேள்விக்கு மட்டும் கொறச்சல் இல்ல" என்று எழுந்து வந்துவிட்டேன். பதில் தெரிந்தா எழுந்தேன்? வீட்டுக்குப் போய் இருக்கிற புத்தகத்தையெல்லாம் புரட்டினேன். பெரிய பெரிய படிப்பாளிகள். மூளையின் மூலை முடுக்குக்கெல்லாம் வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த நரம்பு எப்போது துடிக்கிறது என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். அந்தத் துடிப்பு எப்படி ஒருவனுக்கு வலியாகிறது என்ற இடம் வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். கேள்வி கேட்டால் கடிந்துகொண்டு எழுந்து போகிற அக்காக்கள்தான் அவர்களும்.

ஆனால் வலியைத் தணிக்க ஒரு வழி அந்தப் புத்தகங்களில் இருந்தது. என் வீட்டுச் சுவர்க் கண்ணாடியைக் கழற்றிப் பழைய சேலையில் சுற்றி பஸ் ஏறினேன். "உடைஞ்சா நான் பொறுப்பில்லம்மா" என்று கண்டக்டர் வழியெல்லாம் முனகினான். உன் இரண்டு கால்களுக்கும் நடுவில் அதை நிறுத்தி, வலது காலின் பிம்பம் இடது கால் இருந்த இடத்தில் தெரியும்படி உன்னைச் சாய்த்து உட்காரவைத்தேன். "வலது வெரல மடக்கு. இப்போ மெல்ல நிமித்து. கண்ணாடியவே பாரு." நீ மடக்கினாய், நிமிர்த்தினாய். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாய். "அக்கா, நிமிருதுக்கா. ரெண்டும் நிமிருது." தினமும் செய்தாய். வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் உன்னைத் தூங்கவிட்டது. "இதுவும் கண்கட்டு வித்தைதான மதினி?" என்றான் உன் மச்சினன். அவன் வாயிலிருந்து வந்த உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

பிறகு ஒரு மத்தியானம் மாரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். அன்றைக்கும் உன் சட்டைப் பையில் பொட்டலம் இருந்தது.

அப்பா பக்கத்திலேயே உனக்கும் குழி வெட்டினார்கள். ஓரத்து மண் சரிந்து அந்தப் பெட்ஷீட் மூட்டை வெளியே வந்தது. உன் மச்சினன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, உன் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கக் குழிக்குள் இறங்கினான். அதற்குள் இருப்பது வெறும் எலும்பு என்று எனக்குத் தெரியும். பெட்டிக்குள் இருக்கும் தலையில், காலுக்கென்று இருந்த இடமும் அணைந்துவிட்டது என்று தெரியும். வலிப்பதற்கு ஆளே இல்லை. இவ்வளவும் தெரிந்த நான்தான் அத்தனை பேர் முன்னால் கத்தினேன்: "ஏலே, அவசரத்துல போட்டுறாத! பெருவெரலப் பாத்து நிமித்தி வை."

அவன் சிரித்திருந்தால் அங்கேயே அறைந்திருப்பேன். சிரிக்கவில்லை. "சரி மதினி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மண்ணில் மண்டியிட்டு, துணியைப் பிரித்து, நிதானமாகச் செய்துவிட்டுத்தான் ஏறி வந்தான்.

வெட்டிய கால்போல நீ எனக்குள் வலிக்கிறாய் என்று உருகி முடிப்பேன் என்று எதிர்பார்க்காதே. அப்படி எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கண்ணாடி திரும்ப என் வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டது. தினமும் அதன் முன்னால் நின்றுதான் தலை சீவுகிறேன். அங்க நின்னு பாக்குறது யாருக்கா என்று நீ கேட்கிறாய். சும்மா கெடலே என்கிறேன்.