நீ வாங்காமல் போன கிராபிக்ஸ் கார்டு

நேற்று மாலை செம்பூரில் ரயில் ஏறி, கதவோரக் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். குர்லா தாண்டியதும் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. உனக்காக நான் எப்போதோ போட்டு வைத்த விலை அறிவிப்பு. 'நீங்கள் எதிர்பார்த்த கிராபிக்ஸ் கார்டின் விலை குறைந்திருக்கிறது' என்று இருந்தது. நான் இறங்க வேண்டியது சுனாபட்டி. அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு நின்றதில் ஸ்டேஷன் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, தூறலில் நனைந்துகொண்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தேன்.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அந்த அறிவிப்பை நிறுத்த வேண்டும் என்று இதுவரை எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று தெரியவில்லை.

தாராவியில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். பிறகு நான் செம்பூரில் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். நீ மெயின் ரோட்டில் ஃபிளெக்ஸ் பேனர் கடையில் டிசைன் செய்யப் போனாய். பிறந்தநாள் பேனர், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர். பகல் முழுக்க அடுத்தவர் முகங்களை வெளுக்க வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் கார் ஓட்ட உட்காருவாய். மலைப்பாதை, காடு, ஏரி என்று நீண்டுகொண்டே போகும் விளையாட்டு அது. எங்கள் ஆபீஸில் கழித்துப் போட்ட சாமான்களைக் கேட்டு வாங்கி வந்து அந்தக் கம்ப்யூட்டரை உனக்குப் பூட்டிக் கொடுத்தவன் நான்தான். காட்சிகளைத் திரையில் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு அதில் அப்போதே பழசு. கார் திக்கித் திக்கித்தான் ஓடும்.

நீ அதை அப்படியே விடவில்லை. செய்தவர்கள் நிர்ணயித்த வேகத்துக்கு மேலாகக் கார்டை ஓட்டும் ஓவர்கிளாக்கிங் வித்தையை வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டாய். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றுவாய், ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பாய், திரையில் கலர் கலராகப் புள்ளி தெறித்தால் ஒரு படி இறக்குவாய். உன் வீடோ மாடியில், தகரக் கூரைக்கு நேர் கீழே. மே மாதத்தில் ஃபேன் அனலைத்தான் வாரி இறைக்கும். கார்டு கொதித்துப்போய்க் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். ஜூனில் முதல் மழை தகரத்தில் விழுந்த உடனே எனக்குப் போன் வரும். "லே, மழ வந்துட்டு. இன்னைக்கு வேகத்த நாப்பது ஏத்திப் பாப்பமா?" ரயில் ஓடுமா, சயான் தண்டவாளத்தில் தண்ணீர் நிற்குமா என்று ஊரே கவலைப்படும் நேரத்தில், கார்டு குளிர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நீ.

பிறகு உன் கால் வீங்கியது. சோதித்துப் பார்த்தபோது இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. முப்பத்துமூன்று வயது உனக்கு. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்திய கையை அசைக்காமல் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாய். தண்ணீரைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் அம்மா காலையிலேயே அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவார்கள். டீயும் ரசமும் அந்தக் கணக்கிலேயே கழியும். நீ ஒரு ஐஸ் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கார் ஓட்டுவாய்.

அப்போதுதான் ஒரு நாள் கேட்டாய். "லே, ஏரிக்கிட்ட போனா தண்ணி தகரம் மாதிரி கெடக்கு. தண்ணிய நல்லாத் தெரியிற மாதிரி வச்சா வண்டி ஓட மாட்டேங்கு. ஒரு நல்ல கார்டா பாரேன்."

நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கார்டு நீளம் அதிகம், உன் கம்ப்யூட்டர் கேபினெட்டில் நுழையாது. இன்னொன்றுக்கு உன் பவர் சப்ளை காணாது. மற்றொன்றைப் போட்டால் உன் பழைய ப்ராசஸர் அதற்கு ஈடுகொடுக்காது. போதாததற்கு அடுத்த மாடல் வரப்போகிறது என்று பேச்சு. அது வந்தால் இதெல்லாம் மலிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் "மூணு மாசம் பொறுலே" என்றேன். நான் சொன்ன காரணங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் என்னைத் திட்டிக்கொள்ளவாவது முடியும்.

ஒரு சனிக்கிழமை, நீயாகவே என்னைக் கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருக்கும் லாமிங்டன் ரோட்டுக்கு இழுத்துப் போனாய். மூன்றாவது கடையில் ஒரு பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையால் அதன் ஓரத்தைத் தடவினாய். கடைக்காரர், "லே லோ பாய், லாஸ்ட் பீஸ் ஹை" என்றார். கடைசிப் பெட்டியாம், எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"இது போதும்லே," என்றாய்.

"மெமரி கம்மி. ரெண்டு வருசத்துல பழசாயிரும்," என்றேன்.

நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். "ரெண்டு வருசமா?" என்று கேட்டுச் சிரித்தாய். பெட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டாய். நான் சொன்னதை நீ ஒத்துக்கொண்டாய் என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உன்னை உட்கார வைத்தேன். பஸ் மாஹிம் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே சொன்னாய்: "நீ பொறுன்னு சொல்லும்போதெல்லாம், எனக்கு நாள் நெறையக் கெடக்குன்னு தோணுதுலே. ஆஸ்பத்திரில ஒருத்தனும் அப்படிச் சொல்ல மாட்டான்."

இந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்று இந்தப் பதினோரு மாதத்தில் எத்தனையோ முறை முயன்று பார்த்தேன். முடியவில்லை. பெட்டியைக் கீழே வைக்க வைத்ததற்காக நான் பின்னால் வருந்தக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாயோ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. நீ அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இப்போது வழியில்லை.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் உனக்கு மூச்சு முட்டியது. உங்கள் சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழையாது. அக்கம்பக்கத்தார் பிளாஸ்டிக் நாற்காலியில் உன்னை உட்கார வைத்து, நாற்காலியோடு ரோட்டுக்குத் தூக்கி வந்தார்களாம். நான் செம்பூரிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் பேனர் கடைக்காரர்களே சந்து முனையில் பேனர் கட்டினார்கள். உன் கறுத்த முகத்தை அவர்களும் வெளுக்க வைத்திருந்தார்கள். நீ பார்த்திருந்தால், "யாருலே இவன்?" என்று என்னிடம் கேட்டிருப்பாய். அடுத்த மாதம் புது மாடல் வந்தது. பெரிதாக ஒன்றும் மலியவில்லை. நீளத்தையும் பார்த்தேன். உன் கேபினெட்டில் அதுவும் நுழைந்திருக்காது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து வந்த உன் அம்மா எனக்குப் போன் செய்தார்கள். போனேன். கம்ப்யூட்டர் மேல் ஒரு பழைய துண்டு போர்த்தியிருந்தது. "ஐயா, அவன் இதுல என்னத்தப் பாத்துட்டு இருந்தான்னு எனக்கு ஒருக்கக் காட்டு," என்றார்கள்.

விளையாட்டைத் திறந்தேன். நீ கடைசியாக நிறுத்திய இடத்திலேயே கார் நின்றது, ஏரிக்கரையில். அம்மா கிட்டத்தில் வந்து வெகுநேரம் பார்த்தார்கள்.

"நல்லாத்தான இருக்கு. இதுல என்ன கொறைன்னு புதுசு கேட்டான்?"

"தண்ணி சரியாத் தெரியாதும்மா. அதான் கேட்டான்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு திரையில் சாம்பல் நிறத்தில் கிடந்த அந்த ஏரியின் மேல் விரலை வைத்தார்கள். "எங்கிட்டயும் தண்ணிதான்யா கேட்டான்," என்றார்கள். "காலையில தாரேன், காலையில தாரேன்னு சொல்லிட்டே இருந்தேன்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். 'நீங்கள் கொடுத்திருந்தால் அன்றைக்கே போயிருப்பான் அம்மா' என்றாவது சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. உண்மையைச் சொல்லி யாரைத் தேற்றிவிட முடியும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அம்மா முந்தானையால் திரையைத் துடைத்தார்கள். நான் கம்ப்யூட்டரை அணைத்தேன். அதற்குப் பிறகு உன் வீட்டுக்கு இரண்டு முறைதான் போயிருக்கிறேன், இரண்டு முறையும் சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

போன வாரம் ஆபீஸில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் என் மேசைக்கு வந்தார். வீட்டில் கேம் விளையாட எந்தக் கார்டு வாங்கலாம், இப்போதே வாங்கலாமா என்று கேட்டார். "மூணு மாசம் பொறுங்க, புது மாடல் வருது," என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் தலையாட்டிவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தார். கூப்பிடலாம் என்று எழுந்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? சொன்னது சரியான பதில்தானே. உட்கார்ந்துவிட்டேன்.

என்னிடம் வந்து கேட்பவர்களுக்கு இன்றைக்கும் சரியான பதிலைத்தான் சொல்கிறேன்லே. வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.