எழுபதைத் தொட்ட கோடு

அலுமாரியின் அடித்தட்டைத் துடைக்கும்போது அந்தக் கலண்டர் தாள் அகப்பட்டது. பின்பக்கத்தில் நீங்கள் கீறின படம். மேலே ஒரு கோடு, எழுபது. கீழே ஒரு கோடு, முப்பது. நடுவில் பாம்பு மாதிரி நெளிகிற இன்னொன்று. ஐந்தாம் வகுப்போடு நின்ற உங்கள் பெண்சாதிக்கு விளங்கவேண்டும் என்று கீறினீர்கள்.

"இதுக்குப் பேர் ஆர்.எஸ்.ஐ. நான் போனில வாங்கி விக்கிற இந்தக் கிரிப்டோ கொயின்ர விலை என்ன வேகத்தில ஏறி இறங்குது எண்டு காட்டும். முப்பதுக்குக் கீழ போனா விக்கிறவங்கள் களைச்சுப்போனாங்கள், நாங்கள் வாங்கலாம். எழுபதைத் தாண்டினா வாங்கிறவங்கள் களைச்சுப்போனாங்கள், விக்கலாம்."

"களைக்காட்டி?"

"உன்ர வாயில நல்லதே வராதே?" என்று சிரித்தீர்கள்.

விடியக் கடலால் வந்து மத்தியானம் நித்திரை கொள்ளுவீர்கள். அந்த நேரம் போன் என் கையில். இங்கிலீசு தெரியாது, இலக்கம் தெரியும். மீன் வெட்டிக்கொண்டே திரையில் அந்தக் கோட்டைப் பார்ப்பேன். எழுபதைத் தொட்டால் எழுப்புவேன், நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு விற்பீர்கள். முதலில் கொஞ்சம் லாபம் வந்தது. பிறகு கோயிலில் பூசை நேரமும் குனிந்து போனைத்தான் பார்த்தீர்கள். சோறு போட்டால் என்ன கறி என்றும் தெரியாது.

அன்று கோடு எழுபதைத் தாண்டியது. நீங்கள் குறட்டை விட்டீர்கள். நான் எழுப்பவில்லை. ஒருக்கா நட்டப்பட்டால் வெறுத்து விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். எவ்வளவு போட்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. கோடு திரும்பிக் கீழே இறங்கியது.

எழும்பினதும் கேட்டீர்கள்: "வந்ததே?"

"இல்லையப்பா, எழுபதுக்கு வரேல்லை."

போனை வாங்கி, விரலால் திரையை இழுத்து இழுத்துக் கனநேரம் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "சரி, தேத்தண்ணி போடு" என்றீர்கள். அதற்குப் பிறகு போனை என்னிடம் தரவேயில்லை.

கோடு முப்பதுக்குக் கீழே போய் அங்கேயே கிடந்தது. இனி எழும்பும் என்று நம்பி, படகு எஞ்சினை விற்று இன்னும் வாங்கினீர்கள். என்னிடம் "எஞ்சின் பழுது, திருத்தக் கராச்சில கிடக்கு" என்றீர்கள். வேறொருவரின் பழம்படகில் கூலிக்குப் போனீர்கள். சண்டைக்கால ஷெல்லடிக்குத் தப்பின மனிசனை அந்தப் பழம்படகு கவிழ்த்துக் கொன்றது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, மகள் உங்கள் போனைத் திறந்து விரலால் இழுத்தாள். பழைய கோடெல்லாம் திரும்பி வந்தது. "அம்மா, இது அழியாது. எந்த நாளையும் இழுத்துப் பாக்கலாம்" என்றாள். திரையை விட்டுப் போனது போனதுதான் என்றல்லவா நான் இருந்தேன்!

அப்போ நான் சொன்னது பொய் என்று அன்றைக்கே கண்டுவிட்டீர்கள். ஏன் ஏசவில்லை? நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். எவ்வளவு போட்டீர்கள் என்ற கதை வெளியே வந்திருக்கும், எஞ்சினை விற்க விட்டிருக்கமாட்டேன். தேத்தண்ணி கேட்டீர்கள். 

போன்தான் உங்களைத் தின்றது என்று ஊரே சொல்கிறது. ஓம் ஓம் என்று தலையாட்டுகிறேன். மகளும் அப்படித்தான் நம்புகிறாள். நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று எழுப்பாமல் விட்டதைச் சொல்ல எனக்கும் இன்னும் வாய் வரவில்லை.