இரண்டு விரல் ஓட்டை

கெலிபியா, செவ்வாய்க்கிழமை

மார்செய்யில் இருக்கும் என் கணவர் மொங்கிக்கு, சல்ஹா சலாம் சொல்லி எழுதுவது. உங்கள் அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. இங்கே மத்தி மீன் வந்து குவிகிறது, வீட்டில் தினமும் அதுதான்.

படகை உடைத்துவிடச் சொல்லி ஆளனுப்பினீர்கள். நான் கேட்கவில்லை, திட்டுங்கள். துறைமுக மூலையில் இரண்டு வருடமாகப் பாதி மூழ்கிக் கிடந்ததை நேற்றுக் காலை கரையேற்றினேன். என் தம்பி ரிதா கடைசியாக ஏறிய படகு. நடுக்கடலில் தண்ணீர் ஏறிய படகை மட்டும்தான் இழுத்துவர முடிந்தது; குளிப்பாட்டி அடக்கம் செய்ய அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை. உடைக்குமுன் இதையாவது குளிப்பாட்டி அனுப்பலாம் என்று தோன்றியது.

அம்மாடி, அடியில் எத்தனை உயிர்! பாசி, சிப்பி, ஓடு கட்டி ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு, குட்டி நண்டு, ஓர் ஊரே குடியிருந்தது. காய்ந்தால் கல்லாகிவிடும் என்று படகுப் பட்டறைக்கார ஹமாதி உடனே தண்ணீர் பீய்ச்சும் பிரஷர் குழாயை எடுத்தார். நான் பிடுங்கிக்கொண்டேன். "ஏ சல்ஹா, இது செடிக்கு ஊத்துற குழாய் இல்ல, ஆளையே தூக்கி அடிச்சிரும்!" என்று சிரித்தார். அடித்தது, இரண்டு எட்டு பின்னால் போனேன். பிறகு பிடி கிடைத்தது. பாசி உரிந்து விழ விழ நீங்கள் பூசிய நீலம் அப்படியே வெளியே வந்தது. சுப்ஹானல்லாஹ், கையால் தடவிப் பார்த்தேன்.

"பலகை இடுக்கு வந்தா தள்ளிப் பிடி, உள்ள அடைச்ச பஞ்சு பிச்சுக்கும்" என்றார் ஹமாதி. அதைக் கேட்டதும் நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. "அவன் கடலுக்குப் போகுமுன் அவசரத்தில் கிட்டப் பிடித்துக் கழுவினேன், அதனால் பஞ்சு பெயர்ந்து தண்ணீர் ஏறியது, ரிதாவை நான்தான் கொன்றேன்" என்று சொல்லித்தானே நீங்கள் ஊரைவிட்டுப் போனீர்கள்?

மொங்கி, அந்த இடுக்குகளை ஹமாதி கத்தி முனையால் குத்திப் பார்த்தார். பஞ்சு ஓர் இழை நகரவில்லை. தண்ணீர் வந்த வழி வேறு. அடிக்கட்டைக்குப் பக்கத்தில் சிப்பிக் கொத்து உதிர்ந்த இடத்தில், இரண்டு விரல் நுழையும் ஓட்டை. உள்ளே பலகை முழுக்கப் புழு குடைந்த சுரங்கம். உடைந்த விளிம்பின் மேலேயே கொட்டலசு வளர்ந்திருந்ததால், அது ரிதா போன அன்றைக்கே உடைந்தது என்கிறார். "உடையுறதுக்கு முன்ன வெளிய குண்டூசித் துளைதான் தெரிஞ்சிருக்கும். மொங்கி இல்ல, எங்கப்பன் வந்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டான்" என்றார். ஒரு சின்னப் புழு! குழாயைப் போட்டுவிட்டு ஈர மணலில் உட்கார்ந்து அழுதேன்.

நானும் உங்களைத்தான் பழித்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் கிளம்பிய அன்று வாசலுக்குக்கூட வரவில்லை. அதை மன்னியுங்கள்.

படகை உடைக்கவில்லை. பலகை மாற்றச் சொல்லிவிட்டேன். உங்கள் கைகள் ஒரு பாவமும் அறியாதவை. அல்லாஹ் அவற்றைக் காக்கட்டும், எனக்குத் திருப்பித் தரட்டும்.

சல்ஹா