தாராபுரத்து ஓட்டு

கணபதி,
21.8.1997

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இளவேனில் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் பாப்பா பிரவீனாவும் நலம். அவளுக்கு இருமல் நின்றுவிட்டது. பால்காரர் இன்னும் தண்ணீர்தான் ஊற்றுகிறார். தாராபுரத்து ஓட்டல் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு லோகப்பிரியாவைக் கண்டாலே ஆகாது. சூலூர் மில் கம்ப்யூட்டரில் அவள், கணபதி ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான். இரண்டிலும் நூல் இருப்பு ஒன்றுபோல இருக்க வேண்டும். நடுவில் இரண்டையும் இணைக்கும் கம்ப்யூட்டர் லைன் கட்டானால், கணக்கு இரண்டாகிவிடாமல் எது ஓடுவது, எது நிற்பது என்று முடிவுசெய்யத்தான் தாராபுரம் கிளையில் மூன்றாவதாக ஒரு சின்ன மிஷினை வைத்து, அதோடு உங்களையும் அனுப்பினார்கள். அதற்கு ஒரே ஒரு ஓட்டு. எது முதலில் அதை எட்டிப்பிடிக்கிறதோ அதற்கு ஓட்டைக் கொடுக்கும், மற்றது தானாக நின்றுவிடும். எல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

மூன்று தடவை லைன் கட்டானது. மூன்று தடவையும் ஓட்டு சூலூருக்கே போனது! மிஷினுக்கு ஆள் தெரியாது என்று சிரித்தீர்கள். போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது சோற்றில் கைவைத்துக்கொண்டே, அந்தப் பிள்ளை கெட்டிக்காரி, சொன்னதும் பிடித்துக்கொள்கிறாள் என்றீர்கள். எனக்கு வயிறு எரிந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாலாவது தடவை. என் மிஷின் நின்றது. அவள் போன் செய்து, ஏனுங்க அக்கா, உங்களுது மறுக்காவும் படுத்துக்கிச்சுங்களா என்றாள். அவ்வளவுதான். தொடவே கூடாது என்று நீங்கள் சொன்ன கட்டளையைக் கொடுத்து, தாராபுரத்து ஓட்டு வேண்டாம், தன் ஓட்டு ஒன்றே போதும் என்று என் மிஷினைத் தனியாக ஓடவிட்டேன். முக்கால் மணி நேரம் இரண்டும் ஓடின. அவள் கரூர் பார்ட்டிக்கு எழுதிய அதே நாற்பதாம் நம்பர் நூலை நான் திருப்பூர் பார்ட்டிக்கு எழுதிவிட்டேன். குடோன் வாசலில் இரண்டு லாரி, ஒரே சரக்கு. டிரைவர்கள் அடித்துக்கொள்ளாத குறை.

மேனேஜர் அரங்கசாமி கேட்டபோது, எனக்குத் தெரியாதுங்க என்றேன். கணபதி மிஷின் எப்பவும் நிக்கறதுதானுங்களே, சூலூர்ப் பிள்ளைதான் எதையோ நோண்டிப்போட்டா என்று அவராக முடிவுகட்டிவிட்டார். ஒன்றாம் தேதியிலிருந்து அவளுக்கு வேலை இல்லை.

நேற்று போனில் அழுதாள். நான் ஒண்ணுமே தொடலீங்க அக்கா, அண்ணன்கிட்டச் சொல்லுங்க அக்கா என்றாள். உங்களை அண்ணன் என்கிறாள். இத்தனை நாளும் அப்படித்தான் கூப்பிட்டாளா? ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள்?

நாளைக் காலை அரங்கசாமியிடம் போய், செய்தது நான்தான் என்று சொல்லப் போகிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது எனக்கு வேலை போயிருக்கும். உங்களுக்கும் கெட்ட பெயர்தான். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இரவு ஜெபத்தில் அவள் பெயரையும் சொன்னேன். மனசில்லாமல்தான் சொன்னேன். கர்த்தர் உங்களைக் காக்கட்டும். ஒருநாள் சூலூர் போய் அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வாருங்கள். எனக்குப் பொறுக்காது. ஆனாலும் போய் வாருங்கள்.

உங்கள்
இளவேனில்