சலீமின் ஜப்பான் இஞ்சின்

ஞாயிறு, இரவு.

சலீம் மேல் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. ஜவுளிக்கடைக்காரன் அவன், ஆபீஸ் குமாஸ்தா நான். விடுமுறை வந்தால் இருவருக்கும் பழைய கார்களைக் கழற்றி மாட்டுவதுதான் பொழுதுபோக்கு. காலையில் அவன் காரில் ஆயில் பார்க்கும் கம்பியை உருவினேன். ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தது. இஞ்சினுக்குள் தண்ணீர் இறங்குகிறது, மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, அதனடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டை மாற்ற வேண்டும் என்றேன்.

“ஜப்பான் இஞ்சின் மாப்ள. உன் ஜீப்புன்னு நெனச்சியா?”

ஸ்பேனரை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டான். “இந்த மட்ட ஸ்பேனர் என் வண்டி மேல படக் கூடாது.”

அதே வேகத்தில் மனைவி பரீதாவை ஏற்றிக்கொண்டு தேனிக்குக் கிளம்பினான்.

மத்தியானம் பரீதாதான் போன் செய்தாள். “அண்ணே, உத்தமபாளையம் தாண்டி வண்டி நின்னுருச்சு. ஒரே புகை. உங்களக் கூப்பிட வேணாங்கிறாக. நீங்க வாங்கண்ணே.”

ஜீப்பில் போனேன். பாவம், வெயிலில் நின்று அவள் முகமெல்லாம் சிவந்திருந்தது. அவன் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. காரை ஜீப்பில் கயிறு கட்டி எங்கள் ஊரான கம்பம் வரை இழுத்து வந்தேன். இறங்கியதும் கேஸ்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் கயிற்றை அவிழ்த்து, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான்.

“நல்லாத் தாங்குதே மாப்ள. எந்தக் கம்பெனி?”

மாடு கட்ட வாங்கிய கயிறு அது. அதைச் சுருட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.