பிஸ்கட் கொடுத்து வாங்கிய தேர்ச்சி

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். போனில் பாப்பாவைப் பற்றிய கவலையை எடுத்தாலே "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

சமையலறைக் குழாயைச் சரிசெய்தாயிற்று. தையல் கடைக்காரர் பட்டன் தைக்கிற வேலையை வீட்டுக்கே அனுப்புகிறார். பாப்பாவை விட்டு நகர வேண்டியதில்லை.

போன மாதம் குழந்தைகள் மனநல டாக்டர் பாப்பாவைச் சோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார் அல்லவா? "நான் அப்பவே சொன்னேன்ல" என்று நீங்கள்கூடப் போனில் சிரித்தீர்கள். அது பொய்த் தேர்ச்சி. மாடி வீட்டுக்காரி, இதே சோதனையில் தன் மகனிடம் என்னென்ன கேட்டார்கள் என்று முன்பே சொல்லியிருந்தாள். கட்டையை அடுக்க, படத்தில் பந்தைக் காட்ட, கூப்பிட்டால் திரும்ப, பத்து நாள் பிஸ்கட்டை உடைத்து உடைத்துக் கொடுத்துப் பழக்கிக் கூட்டிப்போனேன். மற்ற பிள்ளைகளோடு விளையாடுவாளா என்று தாளில் கேட்டிருந்தார்கள். ஆமாம் என்று டிக் போட்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே! இல்லை என்று எழுதக் கை வரவில்லை. புத்தி கெட்டவள் நான்.

மறுநாள் பிஸ்கட் இல்லாமல் கூப்பிட்டுப் பார்த்தேன். அவள் பாட்டுக்குச் செருப்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பேன். நாள் முழுக்க இந்த வீட்டில் என் குரல் மட்டும்தான் கேட்கிறது. எனக்கே பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

நேற்று டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பயந்தேன். "நீங்க மட்டும் இல்லம்மா, நிறையப் பேர் இப்படிச் செய்றாங்க" என்றார். ஆட்டிசமாக இருக்கலாமாம். மறுபடி சோதித்து, பேச்சுப் பயிற்சியை இந்த வயதிலேயே தொடங்கினால் நல்லதாம். பதினெட்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். பெற்றவர்கள் இருவருமே வந்து, ஒளிக்காமல் சொல்ல வேண்டுமாம்.

போன விடுமுறைக்கு வந்திருந்தபோது நீங்கள் எவ்வளவு கூப்பிட்டும் பாப்பா திரும்பவில்லை. ஒரு வாரம் பாக்கி இருக்கும்போதே, வேலை அவசரம் என்று கிளம்பிவிட்டீர்கள். நானும் நம்பியதுபோல் இருந்துவிட்டேன். கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது.

இருந்தாலும் வாருங்கள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று ஆசை காட்ட மாட்டேன், இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லை. அவள் பார்க்காவிட்டால் போகட்டும், பக்கத்தில் வந்து சும்மா உட்காருங்கள். அப்படி உட்கார எனக்கும் ஒரு துணை வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா